கார் பெல்ட்டும் கணக்கு நோட்டும்

போன இதழில் குக்கர் காஸ்கெட்டை எப்போது மாற்ற வேண்டும் என்று எழுதினாலும் எழுதினேன், ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி அடுத்த கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டார்! "குக்கர் ரப்பரைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்களே, கார் ரப்பரைப் பற்றி எழுதக் கூடாதா? எங்கள் காருக்கு ஒன்பது வயது. 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. உள்ளே இருக்கிற பெல்ட்டை மாற்ற வேண்டும், 9,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. நிஜமாகச் சொல்கிறாரா, ஏமாற்றுகிறாரா?" என்று கேட்டிருக்கிறார்.

"இதெல்லாம் பொம்பளைங்க பத்திரிகையிலே எழுதற விஷயமா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். ஏன் எழுதக் கூடாது? ஒன்பதாயிரத்தை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்று கடைசியில் நம்மிடம்தானே வந்து நிற்கிறார்கள்! அதுவும் போக, இன்றைக்கு நம்மில் எத்தனையோ பேர் நாமே ஓட்டிக்கொண்டு போகிறோம். குழந்தைகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் தவிக்கப் போவது நாம்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்று மெக்கானிக் சொன்னால், "வெளி பெல்ட்டா, உள் பெல்ட்டா?" என்று கேட்க வேண்டும். இரண்டும் ஒரே ரப்பர் ஜாதிதான். ஆனால் ஒன்று அறுந்தால் ஆயிரத்தோடு போகும், மற்றது அறுந்தால் என்ஜினையே கொண்டுபோகும்.

வெளி பெல்ட்டைப் புரிந்துகொள்வது ரொம்பச் சுலபம். சாய்க்கிற கிரைண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் கல் இருக்கிற பாத்திரம், நடுவில் பெல்ட். காரிலும் அப்படித்தான். என்ஜின் சுற்றுகிற சுற்றை வாங்கி, பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரையும், ஏ.ஸி. கம்ப்ரஸரையும், சில வண்டிகளில் பவர் ஸ்டியரிங் பம்ப்பையும், தண்ணீர் பம்ப்பையும் இது சுற்றிவிடுகிறது. அம்பாசடர், பத்மினி காலத்தில் ரேடியேட்டர் ஃபேனையும் இதுவே சுற்றியதால் ஃபேன் பெல்ட் என்று பெயர். இப்போது பெரும்பாலான கார்களில் ஃபேனுக்கு மின்சார மோட்டார் தனியாக வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

இந்த பெல்ட் கெட்டுப்போகும்போது பெரும்பாலும் வாயைத் திறந்து சொல்லிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 'கீச்'சென்று ஒரு சத்தம். ஏ.ஸி. போட்டால் சத்தம் கூடும். மழை நாளில் இன்னும் கூடும். அரைக்கும்போது தண்ணீர் சிந்தி பெல்ட் நனைந்தால் கிரைண்டர் எப்படிக் கத்துகிறது, கல் எப்படித் தயங்கித் தயங்கிச் சுற்றுகிறது, பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். பெல்ட் நழுவுகிறது என்று அர்த்தம். கிரைண்டருக்குச் செய்கிற மாதிரி சோப்பைத் தேய்த்துச் சத்தத்தை அடக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சத்தம் அடங்கும், நழுவல் கூடும்.

மாதம் ஒரு முறை நாமே பார்த்துவிடலாம். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும். முந்தானையைச் செருகி, பின்னலை முடிந்துகொண்டு பிறகு குனியுங்கள். துப்பட்டா வேண்டவே வேண்டாம். ஓடுகிற என்ஜினுக்கு மேலே குனிவதை விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள். டார்ச் அடித்து பெல்ட்டின் உள்பக்க வரிகளைப் பாருங்கள். குறுக்கே விரிசல், ஓரத்தில் நூல் பிரிதல், ஒரு வரி பிய்ந்து போயிருத்தல், கண்ணாடி மாதிரி பளபளப்பு, எண்ணெய் ஈரம், இவற்றில் எது இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் ஒரு விஷயம். இப்போது வருகிற புது ரக ரப்பர் அவ்வளவு சீக்கிரம் விரிசல் விடாது. வரிகள் மட்டும் நம் செருப்பு அடி தேய்கிற மாதிரி தேய்ந்துகொண்டே போகும். விரிசல் இல்லையே என்று விட்டுவிடாமல், சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் "பெல்ட் தேய்மானம் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஐம்பது, அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டால் கொஞ்சம் உஷாராகவே பார்க்க வேண்டும்.

வழியில் இது அறுந்தால் பேட்டரி விளக்கு சிவப்பாக எரியும். ஸ்டியரிங் திடீரென்று ஆட்டுக்கல்லாகக் கனத்தாலும் கனக்கும். தண்ணீர் பம்ப் இந்த பெல்ட்டில் ஓடுகிற வண்டியாக இருந்தால் சூட்டு முள்ளும் மேலே ஏறும். பக்கத்து ஊர் வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். ஓரமாக நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிக்கிற தண்ணீர் முகத்தில் பீச்சி அடிக்கும்.

செலவு? சின்னக் கார்களுக்கு நான் விசாரித்த வரையில் பெல்ட் 300 ரூபாயிலிருந்து 1,500 வரை. கூலி சில நூறு. அவ்வளவுதான். கீச்சுச் சத்தத்துக்கு பெல்ட்டை மாற்றியும் சத்தம் போகவில்லையானால், சுற்றுகிற உருளைகளில் ஏதோ ஒன்றின் பேரிங் போயிருக்கும். அதைப் பார்க்காமல் பெல்ட்டை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றுகிற இடத்துக்கு மறுபடி போகாதீர்கள்.

இனி உள் பெல்ட். டைமிங் பெல்ட் என்பார்கள். ஈரோட்டுச் சகோதரி கேட்டது இதைத்தான்.

இது கண்ணில் படாது. என்ஜினின் பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும். உள்பக்கம் சீப்பு மாதிரி பற்கள் இருக்கும். என்ஜினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழுமாக ஓடுகின்றன. மேலே சின்னச் சின்ன வால்வுகள் திறந்து காற்றை உள்ளே விட்டுப் புகையை வெளியே அனுப்புகின்றன. கீழே இருக்கிற தண்டு இரண்டு சுற்று சுற்றினால், மேலே வால்வைத் திறக்கிற தண்டு ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்குப் பிசகாமல் இரண்டையும் கட்டி வைத்திருப்பதுதான் டைமிங் பெல்ட். கோலாட்டம் ஆடும்போது ஒருத்தி தாளம் தப்பினால் கோல் யார் விரலில் விழும்? பெல்ட் அறுந்தால் அதுதான் நடக்கும். வால்வு திறந்தபடி நிற்க, பிஸ்டன் வேகமாக வந்து அதில் மோதும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனும் உடையும். எல்லா என்ஜினும் அப்படி மோதிக்கொள்ளாது. சில என்ஜின்களில் இடைவெளி இருக்கும், வண்டி நிற்பதோடு சரி. ஆனால் இன்றைய கார்களில் மோதுகிற ரகமே அதிகம்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? இது சொல்லிக்கொண்டு போகாது. கீச்சும் கிடையாது, விளக்கும் கிடையாது. ஓட்டிக்கொண்டே இருப்பீர்கள், என்ஜின் பட்டென்று நின்றுவிடும், அவ்வளவுதான். டொயோட்டாவின் பழைய டீசல் இன்னோவா போன்ற சில வண்டிகளில் மட்டும் குறிப்பிட்ட கிலோமீட்டர் வந்ததும் டயலில் ஒரு விளக்கு எரிந்து ஞாபகப்படுத்தும். மற்றபடி, "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்பதை வைத்து இதன் ஆயுளைச் சொல்லவே முடியாது. மருந்து பாட்டிலில் தேதி பார்ப்பது போலக் கணக்குப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

என் நாத்தனாருக்கு நடந்தது இது. 2023 சித்திரையில் கரூரிலிருந்து திருச்சிக்கு எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். குளித்தலை தாண்டி வண்டி நின்றுவிட்டது. அவர் கணவர் நாலைந்து தடவை சாவியைத் திருப்பியிருக்கிறார். பிறகு இரண்டு பேரைப் பிடித்துத் தள்ளியும் பார்த்திருக்கிறார். (இதைச் செய்யவே கூடாது, சகோதரிகளே! பெல்ட் அறுந்த என்ஜினைச் சுற்றச் சுற்ற, வளையாமல் தப்பிய வால்வும் வளைந்துபோகும்.) கடைசியில் இழுவை வண்டிதான். ஹெட்டைக் கழற்றி, எட்டு வால்வு மாற்றி, காஸ்கெட் போட்டு, லேத்துக்கு அனுப்பி, மொத்தம் 46,000 ரூபாய். இரண்டு வாரம் வண்டி ஷெட்டில் கிடந்தது. விசேஷத்துக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், பாவம்.

அந்த பில்லை நான் வாங்கிப் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தில் குறித்தும் வைத்தேன்.

அப்போதுதான் நாங்களும் ஒரு பழைய சின்னக் கார் வாங்கியிருந்தோம். 2012 மாடல், 61,000 கிலோமீட்டர். எங்கள் மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆட்டோவுக்குக் கொடுத்து மாளவில்லை, அதுவும் முடிந்து வெளியே வரும்போது அவர் துவண்டு போயிருப்பார். அதற்காகவே வாங்கிய வண்டி. விற்றவரிடம் ஆர்.ஸி. புத்தகம் இருந்தது, இன்ஷூரன்ஸ் இருந்தது. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் மட்டும் இல்லை. "மாத்தியிருப்போம்மா, ஞாபகமில்லை" என்றார். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய வண்டி வாங்குகிற யாருக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

2024 ஆகஸ்டில் மெக்கானிக் தம்பி, "அக்கா, பெல்ட்டுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிருக்கும் போல. இனிமேலும் ஓட்டறது எனக்குப் பயமா இருக்கு" என்றார். அந்த மாதம் கையில் இருந்தது தீபாவளிச் சீட்டுப் பணம் மட்டும்தான்.

"ஓடற வண்டியை எதுக்கு இப்பப் பிரிக்கணும்? ஒண்ணைப் பிரிச்சா ஒன்பது வேலை வரும். போனஸ் வரட்டும், பாக்கலாம்" என்றார் இவர். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தெரியாத கை பிரித்த என்ஜின் எத்தனையோ கெட்டிருக்கிறது.

நான் நோட்டை எடுத்து வைத்தேன். "ஏங்க, இந்த வண்டியை இன்னிக்கு வித்தா ஒண்ணரை லட்சம் வருமா? உங்க தங்கச்சி கொடுத்தது 46,000. அதை விடுங்க, மாமா பாதி வழியிலே மாட்டிக்கிட்டா அன்னிக்கு டயாலிசிஸ் என்ன ஆகும்? நம்ம நேரத்தை விட்டா அந்த மிஷின்லே அடுத்த ஆள் உட்கார்ந்திருப்பாரே?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரி, தீபாவளிக்கு எனக்குத் துணி வேண்டாம்" என்றார். மாமா உள்ளேயிருந்து, "எனக்கும் வேண்டாம்மா" என்று குரல் கொடுத்தார். எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது.

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து வண்டியை விட்டோம். நானும் போய் உட்கார்ந்தேன். கழற்றிய பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால்... ஒரு விரிசல்கூட இல்லை! "பாத்தியா, நல்லாத்தானே இருக்கு" என்றார் இவர். மெக்கானிக் தம்பி பேசாமல் அந்த பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் உருளையை எடுத்து விரலால் சுற்றிக் காட்டினார். காய்ந்த பேரிங் கரகரவென்று அரைத்தது. பெல்ட் எத்தனை நல்லதாக இருந்தாலும் அந்த உருளை இறுகி நின்றால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றார். இவர் வாங்கி இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதனால்தான் பெல்ட்டை மட்டும் மாற்றக் கூடாது, டென்ஷனரும் கூட இருக்கிற ஐட்லர் உருளையும் சேர்ந்த செட்டாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். தண்ணீர் பம்ப்பும் உள் பெல்ட்டிலேயே ஓடுகிற வண்டியானால் அதையும் கையோடு மாற்றிவிடுவது லாபம். பிரிக்கிற கூலி ஒன்றுதானே! ஆறு மாதம் கழித்துப் பம்ப் ஒழுகினால் மறுபடி அதே கூலி, அதே பிரிப்பு.

எங்கள் பில் இதோ: பெல்ட் செட் 3,400. தண்ணீர் பம்ப் 1,600. கூலன்ட் 500. வெளி பெல்ட்டும் பழசானதால் அதற்கு 550. கூலி 2,500. ஆக 8,550 ரூபாய். கம்பெனி ஒர்க் ஷாப்பில் இதே வேலைக்கு 13,000 சொன்னார்கள். பொதுவாக சின்னப் பெட்ரோல் கார் என்றால் ஐந்தாயிரத்திலிருந்து பத்தாயிரம், டீசல் வண்டிக்கும் பெரிய வண்டிக்கும் பத்துக்கு மேல் இருபது, இருபத்தைந்து வரைகூடப் போகும். ஆயிரத்து ஐநூறில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், பெல்ட்டை மட்டும் மாற்றப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை? வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் 60,000-லிருந்து 1,00,000-க்குள், சில வண்டிகளுக்கு 1,50,000. அதோடு வருஷக் கணக்கும் உண்டு. சில கம்பெனிகள் நாலைந்து வருஷம் என்கின்றன, சில அதற்கும் மேலே. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. "எங்க வண்டி வாரத்துக்கு ஒரு நாள் கோயிலுக்குத்தான் போகுது" என்று சொல்கிறவர்கள்தான் இதில் ஏமாந்து போவார்கள். பெட்டியில் சும்மா கிடக்கிற ரப்பர் பாண்டும் ஒரு நாள் பொடிப்பொடியாகிவிடுகிறதே! நம் ஊர் வெயில், புழுதி, நெரிசலில் வண்டி நகராமல் என்ஜின் ஓடிக்கொண்டிருப்பது, எங்காவது ஆயில் கசிந்து பெல்ட்டில் படுவது, இதெல்லாம் ஆயுளை இன்னும் குறைக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. உங்கள் காரில் உள் பெல்ட் இருக்கிறதா என்பதையே முதலில் கேளுங்கள்! நிறைய வண்டிகளில் பெல்ட்டுக்குப் பதில் இரும்புச் செயின். மாருதி 800, முதலில் வந்த சான்ட்ரோ, டீசல் இண்டிகா, டீசல் டஸ்டர், 2005-லிருந்து வந்த டீசல் இன்னோவா, இவையெல்லாம் பெல்ட் வண்டிகள். ஸ்விஃப்ட்டின் 1.2 பெட்ரோலும் 1.3 டீசலும், ஐ10-இன் 1.2 பெட்ரோலும், பிறகு வந்த இன்னோவா கிரிஸ்டா 2.4 டீசலும் செயின் வண்டிகள். பழைய அம்பாசடரிலும் செயின்தான். செயினுக்குத் தேதி வைத்து மாற்றுகிற வழக்கம் இல்லை. அதற்கு வேண்டியதெல்லாம் நேரத்துக்கு என்ஜின் ஆயில் மாற்றுவது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சங்கிலி குலுங்குகிற மாதிரி சத்தம் கேட்டால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். செயின் வண்டிக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும் என்று பணம் கேட்கிறவரும் இருக்கிறார்! மின்சாரக் காருக்கோ இந்தத் தொல்லையே கிடையாது.

ஆகவே ஈரோட்டுச் சகோதரிக்கு: உங்களுடையது பெல்ட் வண்டியானால், ஒன்பது வருஷமும் 78,000-மும் ஆன பிறகு மெக்கானிக் கேட்பது நியாயம்தான், தள்ளிப் போடாதீர்கள். ஒன்பதாயிரமும் கொள்ளை இல்லை. ஆனால் அந்த ஒன்பதில் டென்ஷனர், ஐட்லர், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். சாமானைப் பெட்டி பிரிக்காமல் உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். கார் கம்பெனி பெட்டியோ, பெயர் பெற்ற பெல்ட் கம்பெனியின் பெட்டியோ இருந்தால் போதும். (ஃபென்னர் என்றால் மதுரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அவர்கள் ஊரிலேயே செய்கிற பெல்ட்டாயிற்றே!) போலிச் சாமானும் கடைகளில் உலவுகிறது. பல வருஷமாக அலமாரியில் கிடந்த பெல்ட்டும் வேண்டாம். புது பெல்ட்டை மடக்கவோ, முறுக்கவோ, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி மாட்டவோ கூடாது, உள்ளே இருக்கிற நூல் முறிந்துவிடும். மாட்டி முடித்ததும் சாவி போடுவதற்கு முன்னால் என்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, அடையாளக் கோடுகள் நேராக வந்து நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதைச் செய்கிறவர் நல்ல வேலைக்காரர். ஒரு பல் தப்பி மாட்டினால்கூட வண்டி இழுக்காது.

பில்லில் தேதியும் கிலோமீட்டரும் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் மெக்கானிக் தம்பி ஒரு சின்ன ஸ்டிக்கரில் அதையே எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டியும் கொடுத்தார். நாளைக்கு வண்டியை விற்கும்போது அந்த பில்லுக்கு ஒரு மதிப்பு உண்டு.

பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். கழற்றியது உங்கள் வண்டியிலிருந்துதானா என்று தெரியவாவது வேண்டாமா? வாங்கினதும் அங்கேயே கத்தியால் இரண்டாக வெட்டிவிடுங்கள், வேறு யார் வண்டிக்கும் அது போய்ச் சேராது. எங்கள் வீட்டில் வெட்டிய துண்டு ஒன்று கிணற்றடிக் குழாயை முருங்கை மரத்தோடு சேர்த்துக் கட்ட உதவியது.